ஒரு சொட்டுகூட ஒழுகாமல்

— கிளட்ச்சை மிதி.

— மிதிச்சுட்டேன்.

— அப்படியே அழுத்திப் பிடி. நான் மூடுற வரைக்கும்... ஏய்! விட்டுட்டியா?

— கால் மரத்துப் போச்சுங்க.

— போச்சு போ! மறுபடியும் உள்ள காத்து புகுந்துடுச்சு. நான் கீழ காத்தை வெளிய விடுற நிப்பிளை மூடுறதுக்கு முன்னால காலை எடுக்காதன்னு எத்தனை தடவை சொல்றது?

— காருக்கு அடியில படுத்துக்கிட்டுக் கத்தாதீங்க. முதுகு பிடிச்சுக்கிட்டா தைலம் தேய்க்க நான்தான் வரணும்.

— மேல டப்பாவுல ஆயில் இருக்கான்னு பாரு. அது குறைஞ்சாலும் காத்தை இழுக்கும்.

— முக்கால் டப்பா இருக்கு. ஏங்க, நாலு மணிக்கு ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போகப்போற கார். இதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா?

— ஒழுகுற காரை அவர் தலையில கட்டச் சொல்றியா?

— அதுக்காக? புது சிலிண்டரைத் துடைக்கிறீங்க, ஊதுறீங்க, மறுபடியும் துடைக்கிறீங்க. நம்ம பிள்ளையைக் குளிப்பாட்டச் சொன்னா மட்டும் ரெண்டு சொம்பு ஊத்தி அனுப்பிடுவீங்க.

— ஒரு மண்ணு உள்ள போனா ரப்பர் சீல் கீறிடும்டி. கீறினா ஒழுகும்.

— அந்தப் பைப் நட்டை விரலாலயே தடவித் தடவித் திருகினீங்களே! நாளெல்லாம் மூட்டை தூக்குற கைக்கு அவ்வளவு பொறுமை இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

— எடுத்ததும் ஸ்பேனரைப் போட்டா மரை போயிடும். முதல்ல விரலுக்கே ஓடணும். போன தடவை அவசரப்பட்டுத்தான்...

— என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போறப்ப பெடல் தரையோட ஒட்டிக்கிச்சு. நடுரோட்டுல, புதுச் செருப்போட நான் தள்ளினேன்.

— அன்னைக்குத்தானே சொன்ன, 'இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தச் சக்களத்தி இருக்கணும்'னு?

— சொன்னேன். நீங்களும் 'வித்துடறேன்'னு தலையை ஆட்டினீங்க.

— ஆட்டினேன்... சரி, மிதி.

— மிதிச்சுப் பிடிச்சிருக்கேன்.

— குமிழி வருது... வருது... இப்ப வெறும் ஆயில்தான். மூடிட்டேன், விடு. பெடல் எப்படி இருக்கு?

— கெட்டியா இருக்கு. உங்க பிடிவாதம் மாதிரி.

— பெடலுக்குக் கீழ காகிதம் விரிச்சேனே, நனைஞ்சிருக்கா?

— காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டுகூட இல்ல. மணி நாலேகால்... ஆளைக் காணோமே?

— வருவாரு... வழியில ஏதாவது...

— போன் பண்ணிப் பாருங்களேன்.

— கையெல்லாம் ஆயில்.

— அப்ப நான் பேசட்டுமா?

— வேண்டாம்! அதாவது... வண்டி ஓட்டிக்கிட்டு வர்றவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்...

— கார் இல்லைன்னுதானே நம்ம காரை வாங்க வர்றாரு?

— அந்த ஸ்பேனரை இப்படி நீட்டு, இன்னொரு திருகு திருகிடறேன்.

— வெளிய வாங்க. உங்க மூஞ்சியைப் பாக்கணும்.

— இங்கயே நல்லா இருக்கு.

— நான் காலையிலயே பேசிட்டேங்க. 'காரை விக்கிற எண்ணம் இல்ல, வராதீங்க'ன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் சிரிக்கிறாரு! 'இதையேதாம்மா நேத்து உங்க வீட்டுக்காரரும் சொன்னாரு... உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினாரு'ங்கறாரு.