எதிர்க்கடை பீர்

குடி மச்சான். நுரை அடங்குது பாரு. கடைக்கு வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு பீர் ஊத்துற பொண்ணு கத்துச்சு. உனக்குன்னுதான் கோட்டுக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்.

வேணாமா? மியூனிக் பீர் திருவிழாவுக்குப் போறவன் டெட்ராய்ட்ல ஒரு கிளாஸ் வேணாங்கறான். நல்லாருக்குடா கர்ட், ரொம்ப நல்லாருக்கு.

இல்ல, நான் கேக்கறேன். வருஷா வருஷம் இதே ஏர்போர்ட்லதான் ப்ளேன் மாறுறோம். எறங்குனதும் கோனி டாக் கடை. சாஸேஜ் வெச்ச பன்னு மேல கறிக்கொழம்ப ஊத்தி, வெங்காயத்தத் தூவி, சட்டையெல்லாம் வடிய வடிய ஆளுக்கு ரெண்டு. அப்புறம் எதிர்க்கடைல உக்காந்து ஒரு பீர். உங்கக்காவக் கட்டுன வருஷத்துலேர்ந்து இதான் வழக்கம். இந்த வருஷம் தொரைக்கு நூடுல்ஸ் வேணுமாம். அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு இழுத்துட்டு வந்து இந்தப் பசையத் திங்க வெச்சிருக்க.

டாக்டரா? எந்த டாக்டரு? காலையில மில்வாக்கில பொரிச்ச சீஸ் ஒரு கூடை தின்னியே, அப்ப டாக்டர் லீவுல போயிருந்தாரா?

சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வரல.

பாத்ரூம் போறேன்னு சொன்னேன்ல, போகல. இந்த முட்டிவலியோட கோனி டாக் கடைக்குத் திரும்ப நடந்தேன். உன்மேல இருந்த கடுப்புல நின்னுக்கிட்டே ஒண்ண முழுங்கிட்டு எதிர்க்கடைக்குப் போனா, அங்க ஒரு புது பீர்க் கொழாய். வாத்துப் படம் போட்டு, கோதுமை பீருன்னு எழுதியிருக்கு. சரி, எவன் காய்ச்சுனதுன்னு பாப்போமேன்னு ஒண்ணு கேட்டேன். மூக்குகிட்ட கொண்டு போனேன். அவ்வளவுதான், குடிக்க வேண்டிய அவசியமே இல்ல.

மோந்து பாரு. பாருடான்னா. வாழைப்பழம், அதுக்கு அடியில கிராம்பு. எங்கப்பா மாட்டுக்கொட்டாயில காய்ச்சுன மொத பீர்லேர்ந்து நம்ம பீருக்கு மட்டுமே வர்ற வாசம்.

ஒலகத்துல இந்த வாசம் குடுக்கற வேற ஈஸ்ட்டே இல்லையாவா? ஆயிரம் இருக்கட்டும். நான் நம்ம ஜாடியப் பத்திப் பேசறேன். ஒவ்வொரு தடவ புளிக்கறப்பவும் மேல பொங்குற நுரைய வழிச்சு எடுத்து வெக்கறோமே, அடுத்த காய்ச்சலுக்கு உறை ஊத்த, அந்த ஜாடி. அது இருக்கற நிலவறைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு உன்கிட்ட. ஜூன் மாசம் ஒரு ஜாடி கைதவறி ஒடைஞ்சுதுன்னு சொன்ன. குப்பையில ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்ல. பாத்தேன். பாத்தும் நம்புனேன், கட்டுனவளோட தம்பியாச்சேன்னு.

அந்த ஜாடிய வித்ததுதான் வித்த, பக்குவத்தையும் சேத்துச் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல? வாழைப்பழம் எப்படித் தூக்கலா அடிக்குது. குளுமையில வெக்காம வெக்கையில புளிக்க விட்டிருக்கானுங்க, தற்குறிங்க. அதான் எனக்கு வயிறு எரியுது. திருடுனாக்கூட எங்கப்பன் சரக்க ஒழுங்காக் காய்ச்சுறவனாப் பாத்துக் குடுத்திருக்கக் கூடாதா?

எவ்வளவு குடுத்தாங்கன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத.

கண்ணத் தொட. ஜனங்க பாக்குது. இந்தா, நம்ம ப்ளேனுக்குக் கூப்பிடறாங்க. நீ போ. நான் வரல, மில்வாக்கிக்கே திரும்பறேன்.

உங்கக்காகிட்டயா? வர்ற வழியிலயே போன்ல சொல்லிட்டேன். நிலவறைப் பூட்ட மாத்த ஆளக் கூப்பிடவான்னு மட்டும் கேட்டா. கூப்பிடுன்னுட்டேன். நீ மியூனிக்லேர்ந்து வர்றதுக்குள்ள மாத்திருவான்.

வேணாம், சாவியெல்லாம் நீட்டாத. நீயே வெச்சுக்க, இனிமே அது எதையும் தொறக்காது.

கிளாஸ எடு, காலி பண்ணிட்டு ஏறு. இது நான் வாங்கித் தர்றது. அடுத்ததுலேர்ந்து ஊர்ல எல்லாரும் மாதிரி நீயும் எங்கப்பன் பீரக் காசு குடுத்துத்தான் குடிக்கணும்.