டிக்கெட் கவுன்டர் கூரைமேல் நின்றவள்

— மூச்சை இழுத்துப் பிடிங்க பெரிய மேடம், இன்னும் கொஞ்சம்... ம்ஹும். ஜிப் நகரவே மாட்டேங்குது.

— விடும்மா, பிஞ்சுடப் போகுது. முப்பது வருஷத்துக் கோட்டு. அது அப்படியே இருக்குன்னா நானும் அப்படியே இருப்பேனா?

— உன்னை யாருக்கா இதுக்குள்ள நுழையச் சொன்னா? கொடுத்துட்டுக் கிளம்பிடலாம்னுதானே வந்தோம்?

— கொடுக்கறதுக்கு கூரியர் போதுமே குட்டி. சினிமாவுக்கு உடுப்பு தைக்கற இடத்தை நீயும் பாக்கட்டுமேன்னுதான் கூட்டிட்டு வந்தேன். எப்பப் பாரு பள்ளிக்கூடம், விடைத்தாளு, சிவப்புப் பேனா.

— எனக்கென்ன தெரியும் சினிமாவைப் பத்தி!

— சின்ன மேடம், அந்த ஸ்டூல்ல உக்காருங்க. பக்கத்துல அயர்ன் பாக்ஸ் சூடா இருக்கு, பாத்து. பெரிய மேடம், ஒரு செகண்ட், அப்படியே திரும்புங்க. ஐயோ, சூப்பர்! முதுகுல பெயின்ட் கூட உரியல. "யாரைக் கேக்கணும்?" இது யாரு எழுதினது?

— நான்தான். ஜன்னல் கம்பிக்கு அடிச்சது போக மிச்சமிருந்த வெள்ளை பெயின்ட். பிரஷ் கிடைக்கல, பல் தேய்க்கற பிரஷ்ல எழுதினேன்.

— யாரோட பிரஷ்னு கேளும்மா.

— உன்னோடதுதான். இன்னுமா ஆறல உனக்கு?

— எங்க டைரக்டர் இந்த ஒரு வரிக்காகத்தான் படமே எடுக்கறாரு. அஞ்சு பொண்ணுங்க. முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு, அண்ணன் தம்பி சட்டையை மாட்டிக்கிட்டு, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு... காலர் கோஷ்டி! பேரு ஊர்க்காரங்க வெச்சதா?

— ஊர்க்காரங்க வெச்ச பேரை வெளிய சொல்ல முடியாது, சென்சார்ல கத்தரி போட்டுடுவாங்க. காலர் கோஷ்டி நாங்களே வெச்சுக்கிட்டது. பெரிசா ஒண்ணும் பண்ணலம்மா. அஞ்சு சைக்கிளும் ரோடு முழுக்க ஒரே வரிசையா போகும். ஆம்பளைங்க உக்கார்ற டீக்கடை பெஞ்ச்ல நாங்களும் உக்காந்து டீ குடிப்போம். அதுக்கே ஊரு ரெண்டுபட்டுப் போச்சு.

— அப்புறம்தான் அந்தத் தியேட்டர் விஷயம்.

— ஆமா. மேட்னி ஷோவுக்கு அஞ்சு பேரும் விசிலடிச்சோம்னு மேனேஜருக்குக் கடுப்பு. மறுவாரம் கவுன்டர் மேல போர்டு தொங்குது. "ஆண் உடை அணிந்த பெண்களுக்கு டிக்கெட் இல்லை." எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருந்தான், அது ஒண்ணுதான் ஆறுதல்.

— அந்த போர்டைப் பிடுங்கிக்கிட்டு கவுன்டரோட தகரக் கூரை மேல ஒரு பொண்ணு. முதுகு மட்டும்தான் தெரியுது. ரெண்டு கையாலயும் போர்டைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கா. கீழ இருநூறு பசங்க வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறாங்க. எங்க போஸ்டரே இந்த போட்டோதான் மேடம். பாக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்குது.

— பேப்பர்காரன் எங்கிருந்துதான் வந்தானோ! மறுநாள் முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல "யார் இந்தப் பெண்?" முகம் தெரியலைன்னா என்ன, முதுகுல எழுதினது தெரியுதே. அந்தக் கோட்டு எந்த வீட்டு ஆணியில தொங்குதுன்னு அப்பாவுக்குத் தெரியாதா? பேப்பரை மேஜை மேல போட்டாரு. "யாரு?" அந்த ஒரு வார்த்தைதான் கேட்டாரு. நான்தான்னேன். கன்னத்துல ஒண்ணு விழுந்துச்சு. ஒரு வருஷம் காலேஜுக்கு முழுக்கு.

— அச்சச்சோ. ரொம்ப அழுதீங்களா?

— எதுக்கு அழணும்? அந்த வருஷம்தான் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனேன். டாக்டருங்க கிறுக்கறதைப் படிக்கக் கத்துக்கிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்த மனுஷன், இருமல் நின்ன பிறகும் வந்துக்கிட்டே இருந்தாரு. அவரையே கட்டிக்கிட்டேன். அப்புறம் படிச்சு முடிச்சு இப்ப சொந்தக் கடை. எனக்கு ஒரு குறையும் இல்லம்மா.

— அவ அப்படித்தான் சொல்லுவா. எதையும் வெளிய காட்டிக்க மாட்டா.

— நீ சும்மா இரு குட்டி.

— பெரிய மேடம், ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க, தையல்காரி புத்தி. கோட்டோட கை உங்களுக்கு மணிக்கட்டோட நிக்குது. அதே வருஷம் சைக்கிளோட எடுத்த போட்டோ கொடுத்தீங்களே, அதுலயும் மணிக்கட்டுதான். கையைத் தூக்கினா துணி இன்னும் கீழ இறங்கணும். ஆனா கூரை மேல நிக்கற போட்டோல, கையைத் தூக்கியும் விரல் நுனிதான் தெரியுது. எப்படி?

— கெட்டிக்காரிதான் நீ! முப்பது வருஷமா எத்தனை பேரு இந்தப் படத்தைப் பாத்திருக்காங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல.

— அக்கா, நேரமாச்சு. கிளம்பலாமா?

— இரு. எனக்குத்தான் இது மூச்சு முட்டுதே, நீ மாட்டிக் காட்டு.

— நானா? எனக்கென்ன தெரியும்...

— கோட்டு மாட்ட என்னடி தெரியணும்? எழுந்திரு. இந்தா, பிடி.

— ஆகா, ஜிப் வழுக்கிக்கிட்டு ஏறுதே! சின்ன மேடம், அந்தப் பக்கம் திரும்பி ரெண்டு கையையும் தூக்குங்க. இன்னும் மேல. ஒரு செகண்ட்...

— என்னம்மா, அப்படி என்ன பாக்கற?

— இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கு. கை நீளம்... போட்டோ அப்படியே... சின்ன மேடம்?

— அக்கா, சொல்லிடட்டுமா?

— அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்.

— எனக்கு அப்ப பதினாறு வயசும்மா. கோஷ்டியில எல்லாம் என்னைச் சேத்துக்க மாட்டாங்க, நான் ரெட்டைப் பின்னல் போட்ட பள்ளிக்கூடத்துப் பொண்ணு. அன்னைக்கு அஞ்சு பேரும் போய் அந்த போர்டைப் பிடுங்கறதா இருந்துச்சு, இவளுக்குத் திடீர்னு ஜுரம். போத்திக்கிட்டுப் படுத்துட்டா. "நான் வரலைன்னு அவளுங்ககிட்ட சொல்லிட்டு வா"ன்னு என்னை அனுப்பினா. தூறல் போட்டுச்சு. இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு, பின்னலை உள்ள சொருகிக்கிட்டு, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுப் போனேன்.

— அப்புறம்?

— தலைவி வரலைன்னதும் நாலு பேரும் சைக்கிளைத் திருப்பிட்டாங்க. டிக்கெட் கொடுக்கறவன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "என்ன, காலர் இறங்கிடுச்சா?"ன்னு சிரிச்சான். அவ்வளவுதான் தெரியும். எந்தக் கம்பியில கால் வெச்சேன், எப்படி ஏறினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. மேல நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு. தகரம் காலுக்குக் கீழ டம்டம்முன்னு அதிருது. காத்து. அத்தனை பேரும் என்னை அண்ணாந்து பாக்கறாங்க. அவ்வளவு நல்லா இருந்துச்சும்மா.

— சூப்பர் சின்ன மேடம்! முப்பது வருஷமா இதை எப்படி உள்ளயே வெச்சிருந்தீங்க?

— மறுநாள் அப்பா கேட்டப்ப கதவுக்குப் பின்னாடி நின்னேன். அடுத்த வாரம் எனக்குப் பெரிய பரீட்சை. நான்தான்னு சொன்னா படிப்பு அதோட போச்சு. வாயைத் திறக்கறதுக்குள்ள இவ முன்னாடி போய் நின்னுட்டா. அந்த அடி எனக்கு விழ வேண்டியது. அந்த ஒரு வருஷமும் என்னோடது. இன்னைக்கு நான் டீச்சரா இருக்கேன்னா இவ போட்ட பிச்சை.

— பிச்சை கிச்சைன்னு பேசாதடி.

— மத்த நாலு பேரும் சொல்லவே இல்லையா?

— அவளுங்க வாயில ஈ கூட நுழையாது. "தலைவியைக் கேளு"ம்பாங்க, அதோட சரி.

— நான் டைரக்டர்கிட்ட உடனே பேசணும். படம் எங்கயோ போயிடும் மேடம்! தங்கச்சிக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்ட அக்கா! இன்டர்வல் அங்கதான். தியேட்டர்ல கர்ச்சீப்பே ஈரமாயிடும்.

— முன்ன இருந்தபடியே எடுங்கம்மா. கூரை மேல இவளையே நிக்க வையுங்க, பேரும் இவ பேரே இருக்கட்டும். நான் கோட்டு மாட்டினேன், அவ்வளவுதான். உள்ள இருந்த தைரியம் இவளோடது. அக்கா இருந்தா என்ன பண்ணுவான்னு நினைச்சுத்தான் ஏறினேன்.

— இல்லம்மா. பழியைச் சுமந்த அக்கான்னு எடுக்காதீங்க.

— ஏன் பெரிய மேடம்? இதுதானே நடந்துச்சு?

— இவ சொன்னது இவளுக்குத் தெரிஞ்சது. குட்டி, இப்படித் திரும்பு. அழாம கேளு, சிரிச்சாலும் பரவாயில்ல.

— என்னக்கா?

— அன்னைக்கு எனக்கு ஜுரமே இல்லடி, பயம். அதான் அப்பா கேட்டதும் முந்திக்கிட்டு ஓடினேன், உன்னைக் காப்பாத்த இல்ல, அந்த போட்டோல இருக்கறது நானா இருக்கணும்னு ஆசை.