நாலு அங்குலம்

இல்ல பாய், தப்பு ரோடு மேலதான். நீங்க வண்டிக்கடியில படுத்துக்கிட்டு எதையோ தட்டிக்கிட்டே இருக்கீங்க, நான் சொல்றதக் கொஞ்சம் காதுல வாங்குங்க. ஸ்டீரிங்கு என் கையிலதான் இருக்கு. நேராத்தான் புடிச்சிக்கிட்டு வர்றேன். வண்டி மட்டும் வாய்க்காலப் பாத்துப் போவுது. எடது பக்கமாவே இழுக்குது. நம்ம மண்ணு அப்புடின்னு வைங்க, எங்கப்பாரு காலத்துலேந்து இங்க எல்லாம் எடது பக்கந்தான் இழுக்குது, ஊருக்கு ஊரு செங்கொடி. மாப்ள காசு போட்டு வாங்குன வண்டிக்கு அந்தக் கொள்கையெல்லாம் என்னத்துக்கு?

பதினோரு மணிக்கு நான் மன்னார்குடி கோர்ட்டுல நிக்கணும். இன்னிக்கு என்னைக் கூண்டுல ஏத்துறாங்க. வக்கீலு படிச்சிப் படிச்சி சொல்லிட்டாரு, "வாதியே நீங்கதான், போன ரெண்டு வாய்தாவுக்கும் வரல, இன்னிக்கும் வரலன்னா கேசத் தள்ளிடுவாங்க, கோர்ட்டுத் தடையும் சேந்து போயிடும்"னு. டவாலி வெளியில வந்து பஞ்சநதம், பஞ்சநதம், பஞ்சநதம்னு மூணு தடவ கூவுவான். மூணாவதுக்கும் ஆளு இல்லன்னா பதினாலு வருசக் கேசு அதோட சரி. மணி என்ன? ஒம்போதே முக்காலா? பஸ்ஸா? ஒம்பதரை பஸ்ஸு போயிடுச்சி. அடுத்தது பதினொண்ணேகாலு. அதுவும் டிரைவருக்கு மனசு வந்தாத்தான்.

என்னென்ன பண்ணுதுன்னா... எதைச் சொல்ல. வளைவுல ஒடிச்சா உள்ளுக்குள்ள கர்ருன்னு டயரு உரசுது. ஒரு சின்னப் பள்ளத்துல எறங்குனாக்கூட டங்குன்னு அடிக்கிது, அடி வண்டிக்கில்ல, எனக்கு. நாப்பதத் தாண்டுனா பரிசல்ல போற மாதிரி இருக்கு. வேகத்தட வந்தா ஞானாம்பாள எறக்கி நடக்க வுட்டுட்டு நான் மட்டும் ஏத்தி எறக்குறேன். அப்பவும் வயித்தத் தேச்சிக்கிட்டுத்தான் போவுது. கட்டுன பொண்டாட்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் எறங்கி ஏறுறா, பாக்குறவன் நாங்க என்னமோ வேண்டுதல்னு நெனச்சிக்கிறான். முந்தாநாளு டயரத் தடவிப் பாக்குறேன், உள் ஓரம் வழுக்கையா இருக்கு, வெளி ஓரம் புத்தம்புதுசு.

ரோடுதான், வேற என்ன. ஆளுங்கட்சிக்காரன் போடுவான், எதிர்க்கட்சிக்காரன் சரியில்லன்னு கத்துவான். அஞ்சு வருசம் போனா அவன் போடுவான், இவன் கத்துவான். எனக்கு வயசு அறுபத்தேழு. கத்துனதெல்லாம் நல்லாத்தான் கத்துனானுவ, ரோட்டத்தான் எவனும் நல்லாப் போடல.

ஸ்பிரிங்கா? ம்... ஆமா, கொஞ்சம் அறுத்திருக்கு. யாரு அறுத்தாங்களா... ஒரு ஆளு. வீட்டுல வச்சித்தான். ஒசரத்தக் கொறைக்க வேண்டியிருந்துச்சி, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி கதையக் கேளுங்க.

எல்லாத்துக்கும் மூலம் எதுத்த வூட்டுக் கோவிந்தராசு. அவங்கப்பன் எங்க பண்ணையில ஏர் ஓட்டுனவன். எழுபத்தொண்ணுல கவர்மெண்டு, குடியிருக்குற மனை குடியிருக்குறவனுக்கேன்னு சட்டம் போட்டுச்சு, பட்டாவ வாங்கிக்கிட்டான். சரி, போவட்டும். கோவிந்தராசு மவனுங்க ரெண்டு பேரும் படிச்சானுவ, ஒருத்தன் எஞ்சினியரு, ஒருத்தன் தாசில்தார் ஆபீசு. அதுவும் போவட்டும். மாடி கட்டுனான். போவட்டும்னுதான பாய் இருந்தேன்? ஒரு நாளு எங்க மாட்டுக் கொட்டாய்க்கும் அவன் வாசலுக்கும் நடுவுல உள்ள பாதையில சிமெண்டு போடுறேன்னு ஜல்லி கொட்டுனான். மழைன்னா எல்லாருக்கும் சேறு, பொதுப் பாதைதானேங்குறான். என்னைக் கேட்டா கொட்டுனான்? மறுநாளே போயி தடை வாங்கிட்டேன். அந்த சர்வே நம்பர்ல ரெண்டு தரப்பும் ஒரு செங்கல்ல அசைக்கப்படாது, உள்ளது உள்ளபடி இருக்கணும். பதினாலு வருசமா ஜல்லி அப்புடியே கெடக்குது. மேல எருக்கஞ்செடி மொளச்சிருக்கு. தெனம் காலையில அதப் பாத்துட்டுத்தான் நான் காப்பி குடிப்பேன்.

ஆமா, அவன் இவன்னுதான் சொல்றேன். அதுக்கென்ன? எங்கப்பாரு அவங்கப்பன டா போட்டுத்தான் கூப்புடுவாரு. நான் அந்தப் பாவத்தப் பண்றதில்ல, "இந்தாப்பா"ம்பேன். அதுக்கு மேல எனக்கு வராது. ஞானாம்பா சொல்றா, ஒங்களுக்கு ரெண்டு வயசு மூத்தவரு, மருவாதையாக் கூப்புட்டா வாயி வெந்தா போயிடும்னு. மூத்தவனா இருந்துட்டுப் போறான்.

விசயத்துக்கு வர்றேன். மாப்ள தியாகராசன் மஸ்கட்லேந்து வந்து இந்த வண்டிய வாங்கிக் குடுத்தாரு. ஒசரமான வண்டி. ஏறி உக்காந்தா வரப்பு வாய்க்கா எல்லாம் காலுக்குக் கீழ தெரியும். கொட்டாய்க்குள்ள வுடுறேன், நெலைக்கு மேல உள்ள கல்லுல இடிக்கிது. நாலே அங்குலம். கல்லத் தூக்கி ரெண்டு வரிசை செங்கல் வச்சா தீந்துச்சி. கொத்தனாரக் கூட்டியாந்துட்டு வக்கீலுக்கு ஒரு வார்த்தை போன் போட்டா, "அய்யா, கொட்டாயும் அதே சர்வே நம்பரு. அசைச்சா கோர்ட்டு அவமதிப்பு. எதிராளி ஒரு போட்டோ புடிச்சா நீங்க உள்ள"ங்குறாரு. யாரு வாங்குன தடை? நான் வாங்குன தடை. எனக்கே காட்டுறாரு.

வெளியில நிறுத்தலாம்ங்குறீங்களா? வெளியிலன்னா அவன் வாசல்ல. மழையிலயும் வெயில்லயும் என் வண்டி நனைஞ்சி காயிறத மாடியிலேந்து பாத்துக்கிட்டு அவன் காப்பி குடிக்கணும், அதானே? கொட்டாயத் தொடக்கூடாதுன்னுதான் உத்தரவு. வண்டியத் தொடக்கூடாதுன்னு எந்த ஜட்ஜும் சொல்லலயே.

சரி, நாந்தான் அறுத்தேன். போன் வீடியோவுல எவனோ வெள்ளக்காரன் பத்து நிமிசத்துல அறுத்து மாட்டிட்டுக் கைய ஆட்டுறான். போர்செட்டு பைப்பு அறுக்குற மிஷினு வீட்டுலயே கெடக்கு. ஜாக்கி போட்டேன், கழட்டுனேன், அறுத்தேன். ஞானாம்பா வாசல்ல நின்னுக்கிட்டு "ஏங்க, மேல இருக்குறத..."ன்னு என்னமோ ஆரம்பிச்சா. இந்தச் சத்தத்துல நீ வேறயான்னு ஒரு அதட்டு. உள்ள போயிட்டா.

எடது பக்கமா? ஆமா, எடது பக்கம் ரெண்டு சுத்து, வலது பக்கம் ஒண்ணு. தப்பா அறுக்கல பாய், அளந்துதான் அறுத்தேன். கொட்டாய்த் தரை எடது பக்கம் மேடு. அதுக்குச் சரியா எடது பக்கத்த எறக்குனேன். நீங்க வந்து பாருங்க, கொட்டாய்க்குள்ள ரசமட்டம் வச்சாப்புல நிக்கும், ஒரு நூலு கோணல் இருக்காது. ரோட்டுக்கு வந்தாத்தான்... ரோடு மட்டமா இருக்கு. அதான் சொன்னேனே, ரோட்டுலதான் கோளாறுன்னு.

என்னது, நாலு ஸ்பிரிங்கும் புதுசா? தஞ்சாவூர்லேந்து வரணுமா? ரெண்டு நாளு... பாய், பதினோரு கிலோமீட்டருதான். இப்புடியே உருட்டிக்கிட்டுப் போயிடுறேனே. அறுத்த ஸ்பிரிங்கு முனை அதோட கிண்ணத்துல உக்காராம நிக்கிதா? நழுவுனா வண்டி கவுந்துருமா. சரி, சரி, சாவிய நீங்களே வச்சிக்குங்க.

என்ன மேல பாக்குறீங்க? அதுவா, கேரியரு. வண்டியோட வந்ததில்ல, மறுநாளே நான் மாட்டுனது. கோவிந்தராசு மவன் வண்டியில பளபளன்னு கேரியரு இருக்கு, நம்ம வண்டி மொட்டத் தலையா நிக்கிறதா? இல்ல, இதுவரைக்கும் ஒண்ணும் ஏத்துனதில்ல. ஒசரமா? அளந்து பாக்கல. டேப்ப இப்புடிக் குடுங்க.

ம்.

நாலரை.

கல்லுல இடிச்சது... இருங்க, யோசிக்கிறேன். ஆமா. கேரியரு கம்பிதான் இடிச்சிது. வண்டிக் கூரை இல்ல. எத்தன போல்ட்டு? ஆறா. அஞ்சு நிமிச வேலையா. ஞானாம்பா அதத்தான் சொல்ல வந்திருக்கா. சொல்றவ கொஞ்சம் கத்திச் சொல்றதுக்கென்ன? சிரிங்க பாய், நல்லாச் சிரிங்க. ஊருக்குள்ள மட்டும் சொல்லிடாதீங்க.

யாரு ஆரன் அடிக்கிறது? பாக்காதீங்க. எதுக்குக் கைய ஆட்டுறீங்க? அவனும் கோர்ட்டுக்குத்தான் போறான், வேற எங்க போவான். நான் அந்த வண்டியில ஏறுறதா? எதிராளி வண்டியில போயி எதிராளி மேலயே சாட்சி சொல்றதா? நல்லாயிருக்கு. மணி என்ன? பத்தேகாலா? ரோட்டுல வேற வண்டி எதுவும்... ஒண்ணையும் காணும்.

பாய், அந்த சீட்டுல உள்ள கேசுக்கட்ட எடுங்க. ஸ்பிரிங்குக்குச் சொல்லி வுட்டுருங்க. அந்தக் கேரியரக் கழட்டி எங்கயாவது கண்ணுக்குத் தெரியாத எடத்துல போடுங்க.

அண்ணே... கோவிந்தராசண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்க. இல்லங்க, முன்னாடி வேணாம், பின்னாடியே உக்காந்துக்குறேன். பஸ் ஸ்டாண்டு முக்குலயே எறக்கி வுட்டுருங்க, கோர்ட்டு வாசல்ல என் வக்கீலு நிப்பாரு. அப்புறம்ணே, கூண்டுல ஏறுனா ஒங்களப் பத்திக் கொஞ்சம் அப்புடி இப்புடித்தான் சொல்ல வேண்டியிருக்கும். மனசுல வச்சிக்காதீங்க.