தாய்மாமன் வைத்த தலையணை

மேடம், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஸ்டேஷன் ஓய்வறையில் பெஞ்சின் மேல் கிடக்கிறதே ஒரு தலையணை, அதை உடனே மாற்றிவிடுங்கள். என்னை வெளியே உட்கார வைத்திருந்தபோது கதவு இடுக்கில் பார்த்தேன். உறை மட்டும்தான் புதிது. உள்ளே இருப்பது எந்த இன்ஸ்பெக்டர் காலத்துச் சரக்கோ, யாருக்குத் தெரியும்.

உறையை வாராவாரம் துவைக்க வேண்டும். பஞ்சை மாதம் ஒருமுறையாவது வெயிலில் காட்ட வேண்டும். இலவம் பஞ்சைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, கட்டி தட்டிப்போகும். இரண்டு வருஷம் ஆனால் எந்தத் தலையணையாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். போனைத் திறந்தால் எல்லா டாக்டரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஜனங்கள் கேட்டால்தானே. தலைக்கு நூறு ரக ஷாம்பு போடுவார்கள், அந்தத் தலையைக் கொண்டுபோய்ப் பத்து வருஷத்து எச்சில் மேல் வைப்பார்கள். ஆட்டையாம்பட்டி பிரிவில் மெத்தைக் கடை வைத்த நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் தேய்ந்ததுதான் மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏட்டம்மா பேனாவைத் தட்டுகிறார்கள்.

என் தங்கை சின்னாயியின் மகள் யுவஸ்ரீ கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக நான் வைத்த இரண்டு தலையணைக்குள் இருப்பது, செத்துப்போன அவள் அப்பா ஆண்டியின் தலையணைப் பஞ்சு என்கிறாள். உண்மைதான். நான் மறுக்கவில்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்லாது, நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் அதற்கு மேல் ஒரு வரி எழுதியிருக்கிறாளே, “சுடுகாட்டில் எறிந்ததை மாமா பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்” என்று. அந்த வரிதான் எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் நான் வாயைத் திறக்கிறேன். இல்லாவிட்டால் வக்கீல் சொன்னபடி பேசாமல் இருந்திருப்பேன்.

சுடுகாட்டுக்கு நான் போகாதவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பக்கம் ஓர் ஆள் போய்விட்டால், படுத்திருந்த பாயும் தலையணையும் அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விடும். சுடுகாட்டு வேலியோரம் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஐதீகம். அந்த ஐதீகத்தில்தான் என் கடை ஓடியது.

நல்ல இலவம் பஞ்சு மேடம். பழைய ஆட்கள் தங்கள் தோட்டத்து மரத்தில் காய் பறித்து, கொட்டை எடுத்து அடைத்தது. அதை வீணாக்க மனசு வருமா? கொண்டுவந்து பிரித்து, நல்ல வெயிலில் உலர்த்தி, மெஷினில் விட்டு அடித்தால் பூப்பூவாக எழும்பும். கொஞ்சம் ஸ்பாஞ்சுத் தூள் கலந்து, புதுத் துணியில் திணித்துத் தைத்தால் புதுத் தலையணை. வெயில் பட்டால் தீட்டு ஏது? சாவு வீட்டுத் தலையணையைக் காலால்கூடத் தொடமாட்டேன் என்ற அதே வீட்டுக்காரர்கள், அடுத்த முகூர்த்தத்தில் என் கடைக்கு வந்து அமுக்கிப் பார்த்து, “ஏனுங்க, பஞ்சு நல்லா மெத்துன்னு இருக்குதுங்களே” என்று மகளுக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சிலருக்குத் தும்மல் வந்தது என்றார்கள். தும்மல் யாருக்குத்தான் வரவில்லை.

ஆண்டிக்கு வந்தது தும்மல் இல்லை, இழுப்பு. மழை ஈரம் ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கும். இந்த வருஷம் ஐப்பசியில் கட்டிலோடு கட்டிலாகிவிட்டான். படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல ஆகும், அதனால் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே இருப்பான். அந்த இரண்டு தலையணையும் அவனுக்குக் கல்யாணத்தில் வந்தவை. வாய்க்கால் ஓரம் நின்ற மரத்துப் பஞ்சு. நாலு வழிச்சாலைக்கு அந்த மரத்தை வெட்டிய பிறகு அப்படிப்பட்ட பஞ்சை இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. கையை வைத்தால் கை உள்ளே போகும், எடுத்தால் பால் பொங்குகிற மாதிரி மேலே வரும்.

அஸ்தம்பட்டி டாக்டரிடம் என் டெம்போவில்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எழுந்து நடப்பார் என்றார் டாக்டர். மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கலாம், பயமில்லை என்றார். இரண்டு நாள் கழித்துத்தான் பெட் காலியாகும், அதுவரைக்கும் மட்டும் படுக்க விடாதீர்கள், சாய்ந்தே இருக்கட்டும் என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். சின்னாயி அங்கேயே அழுதுவிட்டாள். சந்தோஷ அழுகை. எனக்கும் சந்தோஷம்தான். ஆண்டி என்னோடு சின்ன வயதிலிருந்து கிணற்றில் குதித்தவன்.

ஆனால் மேடம், என் நிலைமையையும் பாருங்கள். மாப்பிள்ளை வீடு திருச்செங்கோடு. போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறவர்கள், ஊர் உலகம் பார்த்தவர்கள். நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் அத்தை சபையில் கேட்டுவிட்டார்கள், “தாய்மாமன் மெத்தைக் கடைக்காரருங்களாமா, அப்பப் பஞ்சு சுத்தமா இருக்குமுங்க” என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீர்த் தட்டில் வைக்கிற தலையணையை அந்த அம்மா அமுக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள் என்று அப்போதே தெரிந்தது. கலப்படம் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். வெளியில் வாங்கலாம் என்றால், விற்கிறவன் சொல்வதை நான் எப்படி நம்புவது? நானே கலக்கிறவன்.

சுடுகாட்டுச் சரக்கு கொஞ்சம் கடையில் இருந்தது. நல்ல பஞ்சுதான். ஆனால் அதை யுவஸ்ரீக்கு வைக்க எனக்குக் கை வரவில்லை. நினைத்தாலே உடம்பு கூசியது. ஊரார் பிள்ளை வேறு, என் தங்கை பிள்ளை வேறு. எந்தக் கிழவி எந்த வியாதியில் போனாளோ, அந்தத் தலையணையில் என் குழந்தை தலை வைத்துப் படுப்பதா? ஒரு தாய்மாமன் செய்கிற காரியமா அது?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டிய நாள் மதியம் டெம்போவோடு போனேன். யுவஸ்ரீ பத்திரிகை கொடுக்க மாப்பிள்ளையோடு போயிருந்தாள். சின்னாயி பையில் துணிமணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பைக்குப் பக்கத்தில் மடித்த போர்வை. ஏன் என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரித் தலகாணி அவுருக்கு ஆகாதுங்ணா. இந்த ரெண்டையுமே போர்வைல கட்டி எடுத்துக்கலாமுங்க” என்றாள்.

எனக்குத் திக்கென்றது. ஆஸ்பத்திரிக்குப் போன தலையணை திரும்பி வந்தால் எதற்கு ஆகும் மேடம்? எத்தனை கிருமி, எத்தனை மருந்து நாற்றம். அதைக் கல்யாணத்துக்கு வைக்கவே முடியாது. ஒருவேளை அவன் விதி அங்கேயே முடிந்துவிட்டால், அது சாவுத் தலையணை. எப்படிப் பார்த்தாலும் பாழ். அன்றைக்கு விட்டால் பிறகு இல்லை.

சின்னாயி மாரியம்மன் கோயிலில் மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டு வந்து புறப்படலாம் என்றாள். “செத்த நேரம் அவுரு பக்கத்துலயே இருங்ணா. தல சாஞ்சுருச்சுன்னா நிமித்தி வையுங்க. ஓடியாந்தர்றேன்” என்றாள். எங்கள் வீட்டில் என் மேல் இருக்கிற நம்பிக்கை அது. அவள் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

நான் அவன் பக்கத்தில்தான் இருந்தேன். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னேன். “மாப்ள, இந்தத் தலகாணிக்கு என்ன வயசாச்சுன்னு உனக்கே தெரியும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும். இதுல இருக்குற தூசிதான் உனக்கு இழுப்பு” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று ஆட்டினானா, சரி என்று ஆட்டினானா, எனக்குப் புரியவில்லை. பேச முடியாத நேரம் அது. “மச்சான், எடுக்காத” என்று வந்தது. பிறகு “மூச்சு” என்று வந்தது. அவ்வளவுதான். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நகம் பட்ட வடு இன்னும் இருக்கிறது, பாருங்கள். நோயாளி பிடிவாதம் பிடித்தால் பக்கத்தில் இருப்பவன்தான் பொறுமையாக இருக்க வேண்டும். நான் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

இரண்டையும் உருவி, நீல உறையைக் கழற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பாஞ்சுத் தலையணை இரண்டை அதே உறையில் போட்டு அவன் தலைக்கடியில் வைத்தேன். தட்டையாகத்தான் இருக்கும், கழுத்துக்கு நல்லது. சும்மா சொல்லக் கூடாது, என் கைக்காசில் புதிதாக வைத்தேன். பிறகு பஞ்சுத் தலையணைகளை டெம்போவில் ஏற்றினேன். தார்ப்பாய் போட்டு நன்றாக இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது, மழை வருகிற மாதிரி இருந்தது. இலவம் பஞ்சில் ஈரம் பட்டால் போச்சு. கட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. முடிச்சைப் பாதியில் விட முடியவில்லை.

திரும்பிப் போனபோது இழுப்புச் சத்தம் இல்லை. பாருங்கள், தலையணை மாற்றினதும் குணம் தெரிகிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

சின்னாயி திருநீற்றோடு வந்தாள். அவள் அழுததை நான் இங்கே சொல்ல வேண்டாம். “கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போய்ட்டாரே, கோயிலுக்குப் போவாம இருந்துருக்கலாமே” என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். நான்தான் பிடித்து நிறுத்தினேன். “உன்னால ஒண்ணும் இல்ல சாமி, விதி” என்றேன். அன்று மாலையே பாயும் தலையணையும் வேலியோரம் போயின. நீல உறையைப் பார்த்தார்களே தவிர, தூக்கினவர்கள் யாருக்கும் கனத்தில் வித்தியாசம் தெரியவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை. என் ஸ்பாஞ்சு இரண்டும் அங்கேதான் கிடக்கும், வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பாருங்கள்.

கருமாதி முடிந்து, வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி, தை முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. சபையில் அந்த அத்தை என் தலையணையை அமுக்கினார்கள். கை உள்ளே போயிற்று, எடுத்தார்கள், மேலே வந்தது. “இந்தப் பஞ்ச எங்கீங்க புடிச்சீங்க” என்று அவர்கள் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டி இருந்து பார்த்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பான் என்று நினைத்தேன்.

தவறு ஒன்றே ஒன்றுதான் நடந்தது, அதுவும் தொழில் தவறு. அந்தப் பஞ்சைப் பிரித்து அடிக்காமல் அப்படியே புதுத் துணிக்கு மாற்றினேன். அவ்வளவு நல்ல பஞ்சை மெஷினில் விட மனசில்லை. இழுப்புக்கு நல்லது என்று சின்னாயி பஞ்சுக்கு நடுவே நொச்சித் தழையைப் பையாகத் தைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. புகுந்த வீட்டில் தலை வைத்துப் படுத்த பிள்ளை, “அப்பா வாசம் அடிக்குது” என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் துக்கத்தில் உளறுகிறாள் என்றார்களாம். அவள் கத்தரியை எடுத்துப் பிரித்துவிட்டாள். அந்தப் பை அவளுடைய பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் தைத்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இப்போது சின்னாயி என் வாசலில் கால் வைப்பதில்லை. செத்தவன் தலையணையைச் சீரில் வைத்த பாவி என்று ஊரெல்லாம் பேச்சு. திருச்செங்கோட்டில் அந்த அத்தை என்ன சொல்கிறார்களோ. அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் சட்டத்தில் எனக்கு என்ன வேண்டுமானாலும் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொல்கிறபடி எழுதி, என் தங்கைக்கும் அந்தப் பிள்ளைக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் மனசு ஆறிவிடும்.

செத்தவன் தலையணையை நான் சீரில் வைக்கவில்லை. நான் அதை உருவும்போது ஆண்டி உயிரோடுதான் இருந்தான்.