மூடியைக் கழற்றியவர் யார்?

அஞ்சாமல் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் குருசாமி அண்ணாச்சி அவர்களே, முதிர்ந்த வயதிலும் மூன்று மைல் நடந்து வந்திருக்கும் பெரியோர்களே, கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களோடு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, தேயிலைத் தொழிற்சாலைத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் சிலுவைராஜின் பணிவான வணக்கம்.

என்ன, மைக் சரியில்லையா? மைக் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. நடுங்குவது என் குரல். எஸ்டேட் மேனேஜர் தொரையின் ஆள் ஒருவர் அந்தச் சவுக்கு மரத்தடியில் நின்று யார் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞாயிறுதோறும் இதே கொட்டகையில் உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தேன். செயப்பாட்டு வினை நடத்தியது நினைவிருக்கிறதா? கொழுந்து பறிக்கப்படுகிறது, 'இஸ் பிளக்ட்'. பறிக்கப்பட்டது, 'வாஸ் பிளக்ட்'. பறிக்கப்பட்டு வருகிறது, 'இஸ் பீயிங் பிளக்ட்'. இனிப் பறிக்கப்படும், 'வில் பி பிளக்ட்'. பின்னால் நிற்கும் சொல் அசையாது, முன்னால் நிற்கும் சொல் மாறினால் காலம் மாறும் என்று பெருமையாகச் சொன்னேன்.

பழனாத்தாள் அக்கா எழுந்து கேட்டார்: "ஏன் சார், கொழுந்து தானா பறிஞ்சு கூடைக்குள்ள விழுந்துச்சா? பறிச்சவ எங்க?"

"பறித்தவர் பெயரைக் கடைசியில் எழுதலாம் அக்கா, எழுதாமலும் விடலாம்" என்றேன்.

"விட்டா யாருக்கு நல்லது?"

அன்றைக்கு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். பதிலை இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன மாதம் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலரில் பொன்ராஜின் மூன்று விரல்கள் போயின. மறுநாள் தொரை சொல்லச் சொல்ல ஓர் அறிக்கை டைப் அடித்தேன். இயந்திரத்தின் இரும்பு மூடி கழற்றப்பட்டிருந்தது, 'ஹேட் பீன் ரிமூவ்ட்'. கை உள்ளே விடப்பட்டது. வேலை பறிக்கப்பட்டிருக்கிறது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு காலி செய்யப்படும். எத்தனை காலங்கள், எத்தனை வினைகள்! செய்தவர் பெயர் ஒன்றாவது உண்டா? இல்லை. பெயர் இல்லாத இடத்தில் யார் பெயர் வந்து உட்காரும்? இளைத்தவன் பெயர்தான் உட்காரும். மூடியைக் கழற்றியதே பொன்ராஜ்தான் என்று இப்போது சொல்கிறார்கள்.

அந்த அறிக்கைக்குக் கீழே, எல்லாம் உண்மை என்று ஒத்துக்கொள்ளும் ஒரு கைநாட்டு இருக்கிறது. காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது கிளார்க் எந்தத் தாளை நீட்டினாலும் பெருவிரலை வைத்துவிட்டு ஓடுவது நம் வழக்கம். என்ன சீட்டு என்று கேட்டு நின்றால் மலையேறத் தாமதமாகும், அரைநாள் வேலை போகும். பொன்ராஜுக்குப் பதிலாக அவர் மனைவி அழகுத்தாயிடமும் அப்படித்தான் நீட்டினேன்.

"கம்பளி வாங்குற சீட்டா சார்?" என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து மையில் அழுத்தினேன்.

ஏசுங்கள், தாயே. ஏச்சு எனக்கு உரியதுதான்.

நாளை பத்து மணிக்கு லேபர் ஆபீசர் விசாரணைக்கு வருகிறார். அந்தத் தாள் நிலைத்தால் பொன்ராஜும் அழகுத்தாயும் மூன்று பிள்ளைகளும் இந்த மழையில் தெருவுக்கு வருவார்கள். ஆகவே இங்கேயே சொல்கிறேன். மூடியைக் கழற்றச் சொன்னவர் தொரை. மூடியோடு ஓட்டினால் வேகம் குறைகிறது என்றார், என் காதால் கேட்டேன். கழற்றியவர் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர். பொய்யை அடித்தவன் நான். கைநாட்டைத் திருடியவனும் நான். இதையே நாளைக்கும் சொல்வேன்.

எனக்கும் லயத்தில்தான் வீடு. எனக்கும் பிள்ளைகள் உண்டு. இங்கே சொல்லிவிட்டேன், அங்கே போகும்போது பாதி வழியில் என் கால் திரும்பாது என்று என்னையே நான் நம்பவில்லை. அழகுத்தாயம்மா, மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. நாளைக் காலை நீங்கள் முன்னால் நடங்கள். நான் உங்கள் பின்னால் வருகிறேன். மற்றவர்கள் என் பின்னால் வாருங்கள், நான் திரும்பி ஓட வழி இல்லாதபடிக்கு நெருக்கமாக வாருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லிக் கைகூப்புகிறேன். வணக்கம்.