அழிப்பு என்ற சொல்லுக்கு அஞ்சினேன்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் ஐயா சபாபதி அவர்களே! பாலோவிலிருந்தும் உலு திராமிலிருந்தும் பேருந்தேறி வந்த பெரியோர்களே! பிள்ளைகளின் படிப்புக்காக ஞாயிற்றுக்கிழமையைத் தந்த தாய்மார்களே! சி என்னும் கணினி மொழி பயிலும் மாணவ மணிகளே! ஷர்மினியின் பணிவான வணக்கம்.

வெற்றிக் கதை சொல்ல அழைத்தீர்கள். நான் என் பிழையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர்ப்பால் ஆலை. பால் உறையாதிருக்க அங்கே அம்மோனியா கலப்பார்கள். அது கசிந்தால் அபாய மணி அடிக்க வேண்டும். அந்த மணியை இயக்கும் கணினி நிரலை எழுதியவள் நான். நொடிக்கொரு இழை பிறக்கும், காற்றை அளக்கும், முடிந்துபோகும். இழை என்றால் என்ன என்று ஓர் அம்மா கேட்கிறார். ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை, அவ்வளவுதான் அம்மா.

இழை பிறக்குமுன் அதற்கான குணங்களைக் குறிக்க வேண்டும். எவ்வளவு நினைவகம் கொள்ளலாம்? எந்தச் செயலியில் ஓடலாம்? அந்தக் குறிப்புக்கு ‘இனிட்’ என்று ஓர் ஆயத்தக் கட்டளை உண்டு. வேலை முடிந்ததும் ‘டெஸ்ட்ராய்’ என்று அழிப்புக் கட்டளையும் உண்டு. ஆயத்தத்தை எழுதினேன். அழிப்பை எழுதவில்லை. ஏன்? அஞ்சினேன்! குறிப்பை அழித்தால் ஓடிக்கொண்டிருக்கும் இழையும் அழிந்துவிடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கையேட்டைப் புரட்டினேனா? இல்லை. உடன் பணிபுரிந்த லோகேஸ்வரனைக் கேட்டேனா? அதுவும் இல்லை.

நொடிதோறும் ஒரு குறிப்பு. நொடிதோறும் ஒரு துளி நினைவகம் திரும்பாமல் அதிலேயே தங்கியது. பத்தொன்பதாம் நாள், மணியை இயக்கிய சின்னக் கணினியில் இடமே இல்லை. புதிய இழை பிறக்க மறுத்தது. மறுத்ததைக் கவனிக்கவும் நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

அன்று வாயு கசிந்தது. மணி அடிக்கவில்லை.

தொட்டி கழுவும் கிருஷ்ணம்மா அக்காதான் நெடியை உணர்ந்தார். ஒன்பது பேரை வெளியே துரத்திவிட்டுக் கடைசியாக வந்தார். கண் வெந்து ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவர் கட்டிலருகே போய் நின்றேன். என் தவறுதான் என்றேன். கட்டுப் போட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “பரவாயில்லன்னு நான் சொல்ல மாட்டேன்மா. நாங்க மணிய நம்பித்தான் உள்ள போறோம். சரி பண்ணு. பண்ணிட்டு எனக்கு முன்னால அடிச்சுக் காட்டு லா.”

விட்டுப்போனது ஒரே ஒரு வரியா என்கிறார் அங்கே ஒருவர். ஆம் ஐயா, அழிப்புக்கு ஒரே வரி! இழை பிறந்த கணமே குறிப்பை அழிக்கலாம்; ஓடும் இழைக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சேர்த்தேன். பிறக்காத இழையைக் கண்டால் உடனே மணி அடிக்கவும் எழுதினேன். இரண்டு மாத அளவீடுகளை விரைவாக ஓடவிட்டுச் சோதித்தோம். நினைவகம் துளியும் கரையவில்லை.

கிருஷ்ணம்மா அக்கா வந்தார். உணர்கருவியருகே லோகேஸ்வரன் சிறிது வாயுவைக் காட்டினார். மணி அலறியது. அக்கா காதைப் பொத்தவில்லை. அது ஓயும்வரை நின்று கேட்டார். பிறகு காலணியை மாட்டிக்கொண்டு தொட்டி கழுவப் போனார்.

மாணவ மணிகளே! நீங்கள் எழுதும் வரியை நம்பி ஓர் உயிர் உள்ளே போகிறது. தெரியாததைக் கேளுங்கள். திறந்ததை மூடுங்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். அதுவே அறிவு, அதுவே அறம், அதுவே அன்பு!

பிழையைச் சொல்ல மேடை தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.