வாத்துக்கு ரொட்டி போடப் போன ஞாயித்துக்கிழம

...இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததுக்கு அந்தப் பாலர் பள்ளியத்தாம்மா மொதல்ல குத்தம் சொல்லணும்! ஒரே மணல்தொட்டி, இருபது புள்ளைக, இருபது ஒழுகுற மூக்கு. எம்பேரன் வில்லாட்ஸுக்கு ரெண்டு வயசு. மூக்குக்குக் கீழ தேன் காஞ்ச மாதிரி பொருக்கு தட்டுச்சா, எல்லாப் புள்ளைக்கும் வர்ற புண்ணுதான்னாங்க. போச்சு, திரும்ப வந்துச்சு. அப்புறம் தொடையில கட்டி, அக்குள்ல கட்டி, கழுத்துல ஒண்ணு கோழிமுட்டையாட்டம்... நீங்க பாட்டுக்குப் பின்னுங்கம்மா. ஸ்வெட்டரா? நல்ல நிறம்.

எங்க மாப்ள மார்ட்டனயும் சொல்லணும். புள்ள கைய நாளைக்கு எட்டுவாட்டி கழுவுவாரு! "மாப்ள, அழுக்குல புரண்டாத்தான் ஒடம்புக்குச் சண்ட போடத் தெரியும். கைப்புள்ளையில வீட்டுக்கு வெளிய, பனியில, தள்ளுவண்டியில தூங்கி வளந்தவன் நான்"னேன். கோபன்ஹேகன்ல முப்பது வருசம் பஸ் ஓட்டுனவனுக்கு வைத்தியம் தெரியாதா? ஹும்!

இப்ப டாக்டரம்மா என்னா சொல்றாங்க? ரத்தத்துல வெள்ளை அணு கிருமிய முழுங்குதாம், கொல்லத் தெரியலையாம். பொறவியிலயே அப்படியாம். மணல்தொட்டி மேலயும் தப்பில்ல, மார்ட்டன் மேலயும் தப்பில்ல. திட்டுறதுக்கு ஆளில்லாமப் போச்சு பாருங்க!

நாலு நாளா காய்ச்சல், இருமல் வேற. "மக்குன எல, உரக்குவியல் பக்கம் போனானா? அதுல இருக்குற பூஞ்சை இவன மாதிரிப் புள்ளைக நுரையீரல்ல எறங்கிரும். அப்படின்னா அதுக்கு வேற மருந்து, இன்னிக்கே ஆரம்பிக்கணும்"ங்குறாங்க. எம்மக டில்டா "இல்லவே இல்ல"ங்குறா. அவளுக்கென்ன தெரியும்? வாத்துக்கு ரொட்டி போடப் போனோம்னுதான நான் சொல்லிருக்கேன்!

காப்பி எடுத்துட்டு வாரேன்னு டாக்டரம்மா ரூமுலருந்து நழுவி வந்துட்டேம்மா.

வாத்தாவது ஒண்ணாவது! அன்னிக்கு என் தோட்டத்துலதான் அவன விட்டேன். மூணு வருசத்து உரக்குவியல். ஆவி பறக்கக் கிளறி, "புரளுடா ராசா, வீரனாயிருவே"ன்னேன். தலைக்கு மேல வாரிப் போட்டுக்கிட்டு என்னா சிரிப்பு! அப்புறம் குளிப்பாட்டி, சட்ட மாத்தி, நகத்து அழுக்கக்கூட எடுத்துவிட்டேன். தடயத்த அழிக்குறதுல திருடன் தோத்தான் எங்கிட்ட.

சொல்லணும்தான். தெரியுது. சொன்னா டில்டா எம்மூஞ்சியில முழிப்பாளா? காப்பி மிஷின்ல வரிசைன்னு சொல்லி இன்னும் அஞ்சு நிமிசம் ஓட்டலாம்...

எங்கம்மா எந்திரிச்சிட்டீங்க? பேசியே வெரட்டிட்டேனா? வாசல் இங்குட்டும்மா... அய்யோ, அது எங்க டாக்டரம்மா ரூமு! தட்டாதீங்க... தட்டிட்டீங்களே!

...ஆங், டாக்டரம்மா. உரக்குவியலுக்குப் போனான். நான்தான் கூட்டிட்டுப் போனேன். அந்த மருந்த ஆரம்பிச்சிருங்க.

டில்டா... அப்புறமாத் திட்டும்மா. மொதல்ல கையெழுத்தப் போடு.